நியூரோஎகனாமிக்ஸ் கோடைப் பள்ளிக்குப் போகுமுன் எதைப் படித்துத் தயாராக வேண்டும்?

கேள்வி கேட்டவர் பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர். பொருளாதார முடிவுகளை மூளை எப்படி எடுக்கிறது என்பதைப் பற்றிய இரண்டு வார உயர்நிலைக் கோடைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, கையில் மூன்று மாதம் இருக்கிறது. உயிரியல் படித்ததில்லை என்பதால் மூளையின் பாகங்களை மனப்பாடம் செய்வதில் தொடங்கலாமா என்று கேட்கிறார்.

அதில் தொடங்க வேண்டாம். பாகங்களின் பெயர் முதல் மூன்று நாள் வகுப்பிலேயே காதில் விழுந்து விழுந்து மனதில் நின்றுவிடும். மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது வேறு: மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைச் சூத்திரமாகச் சொல்லும் ஒரு மாடலை நீங்களே கணினி நிரலாக எழுதுங்கள், உண்மையான டேட்டாவில் பொருத்துங்கள், அது எங்கே உடைகிறது என்று பாருங்கள். இந்தத் துறையில் ஸ்கேன் படத்தில் தெரியும் நிறத் திட்டுகள் நேரடியாக மூளையிலிருந்து வருபவை அல்ல. சோதனையின் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேனருக்குள் இருப்பவர் எவ்வளவு மதிப்பு போட்டார், எவ்வளவு ஏமாற்றமடைந்தார் என்று ஒரு மாடல் எண்களைக் கொடுக்கிறது. அந்த எண்களோடு சேர்ந்து ஏறி இறங்கும் இடத்துக்குத்தான் நிறம் பூசுகிறார்கள். மாடல் தவறென்றால் எவ்வளவு நல்ல ஸ்கேனரும் காப்பாற்றாது.

எல்லாப் பள்ளிகளிலும் வரும் மாடல் ரெஸ்கோர்லா–வாக்னர், 1972. விலங்குகளின் கற்றலை விளக்க எழுதியது. புதிய மதிப்பு = பழைய மதிப்பு + ஆல்ஃபா × (கிடைத்தது − பழைய மதிப்பு). அடைப்புக்குள் இருப்பதுதான் கணிப்புப் பிழை. ஆல்ஃபா என்பது கற்றல் வேகம், 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். ஆல்ஃபா 0.3, தொடக்க மதிப்பு 0 என்று வைத்துப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் 1 கிடைத்தால் மதிப்பு 0.3. மறுபடி 1 கிடைத்தால் பிழை 0.7, மதிப்பு 0.51. மூன்றாவதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் பிழை −0.51, மதிப்பு 0.357 ஆக இறங்கும். இந்த மதிப்பைத் தேர்வாக மாற்றுவது சாஃப்ட்மாக்ஸ் என்ற சூத்திரம். அதில் பீட்டா என்பது மதிப்பு கூடியதையே எவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுக்கிறார் என்ற எண். அது 3 என்றால், 0.357 மதிப்புள்ள சூதாட்ட இயந்திரத்தை 0 மதிப்புள்ளதற்கு எதிராகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சுமார் 0.745. லாஜிட் தெரிந்த பொருளாதார மாணவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பொருளாதார அறிஞர் மெக்ஃபேடனின் தேர்வு மாடல்தான் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

இந்த எளிய சூத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை வரக் காரணம் குரங்குகளின் நடுமூளையில் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பதிவு செய்த டோபமைன் நியூரான்கள், அதாவது டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பு செல்கள். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் அவை வேகமாகத் துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு துடிப்பு விளக்கின் நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது, சாறு வரும்போது மாற்றம் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அதே கணத்தில் துடிப்பு குறைகிறது. ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் மூவரும் 1997-இல் சயன்ஸ் இதழில் இதைக் கணிப்புப் பிழையோடு இணைத்தார்கள். அந்தக் கட்டுரையைப் படங்களோடு ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள். இந்த நியூரான்கள் சும்மா இருக்கும்போதே நொடிக்கு ஐந்து முறைக்கும் குறைவாகத்தான் துடிக்கும். அதனால் மேலே போக நிறைய இடம் உண்டு, கீழே இறங்கக் கொஞ்சம்தான். எதிர்மறைப் பிழையை மூளை எப்படிக் குறிக்கிறது என்ற விவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது நிரலுக்கு வருவோம். உண்மையான டேட்டாவைத் தொடுமுன் செயற்கை ஆட்களை உருவாக்குங்கள். இரண்டு இயந்திரங்கள், ஒன்று 70 சதவீதச் சுற்றுகளில் பரிசு தரும், மற்றொன்று 30. ஆல்ஃபா 0.1 முதல் 0.9 வரை, பீட்டா 1 முதல் 10 வரை எங்கெங்கோ எடுத்து 100 பேரை 200 சுற்று விளையாட விடுங்கள். பிறகு அவர்களின் தேர்வுகளை மட்டும் வைத்து மாடலைப் பொருத்தி, நீங்கள் கொடுத்த ஆல்ஃபா திரும்பக் கிடைக்கிறதா என்று வரைபடம் போடுங்கள். இதைப் பாராமீட்டர் ரிக்கவரி என்பார்கள்.

வரைபடம் அழகாக வராது, வராத இடங்களில்தான் பாடம் இருக்கிறது. பீட்டா 1-க்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஏறக்குறையக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதால் அவர்களின் ஆல்ஃபாவைக் கண்டுபிடிக்கத் தகவலே இருக்காது. பீட்டா மிக அதிகம் என்றால் 8-க்கும் 10-க்கும் தேர்வுகளில் வித்தியாசம் தெரியாது. ஆல்ஃபா குறைவாக இருக்கும் பகுதியில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும், பெருக்குத்தொகை மட்டும் ஓரளவு சரியாக வரும். இன்னொன்று: 70–30 கடைசிவரை மாறாவிட்டால், முதல் முப்பது நாற்பது சுற்றுக்குப் பிறகு கற்க எதுவும் மிச்சம் இல்லை. மீதிச் சுற்றுகள் ஆல்ஃபாவைப் பற்றி அதிகம் சொல்லாது. அதனால்தான் நல்ல சோதனைகளில் நடுவில் வாய்ப்புகளைத் தலைகீழாக மாற்றுகிறார்கள், அல்லது மெதுவாக நகர விடுகிறார்கள். உங்கள் நிரலில் 50 சுற்றுக்கு ஒரு முறை மாற்றிவிட்டு அதே வரைபடத்தை மறுபடி போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

பொருத்தும்போது கவனிக்க: சிறப்பாகப் பொருந்தும் ஆல்ஃபா, பீட்டாவைத் தேடும் ஆப்டிமைசரைக் குறைந்தது 10 வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட விடுங்கள். ஒரே புள்ளி என்றால் தவறான பள்ளத்தில் நின்றுவிடும். சாஃப்ட்மாக்ஸில் அடுக்கு எண் கணினி தாங்காத அளவுக்குப் பெருகாமல் இருக்க மதிப்புகளிலிருந்து அவற்றில் பெரியதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். லாக் லைக்லிஹுட் என்பது மாடல் தேர்வுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண். நாணயம் சுண்டித் தேர்ந்தெடுப்பவருக்கு அது 200 சுற்றுக்கு −138.6. உங்கள் மாடலின் எண் அதைத் தெளிவாகத் தாண்டாத ஆளை வைத்துக் கற்றல் வேகம் பேசக் கூடாது.

அடுத்தது உண்மையான டேட்டா. பொருளாதாரப் பின்னணிக்கு டாம், ஃபாக்ஸ், ட்ரெப்பெல், போல்ட்ராக் 2007-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பரிந்துரைக்கிறேன். டேட்டா, மூளை ஆய்வுத் தரவுகளைப் பகிரும் ஓப்பன்நியூரோ தளத்தில் டிஎஸ்000005 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது. 16 பேர். திரையில் ஒரு பந்தயம்: நாணயம் சுண்டி ஒரு பக்கம் விழுந்தால் இவ்வளவு டாலர் லாபம், மறுபக்கம் விழுந்தால் இவ்வளவு நட்டம். லாபம் 10 முதல் 40 வரை இரண்டிரண்டாக, நட்டம் 5 முதல் 20 வரை ஒவ்வொன்றாக. 16 × 16, மொத்தம் 256 சேர்க்கைகள். எல்லாச் சேர்க்கையும் வருவதால் லாபத்துக்கும் நட்டத்துக்கும் ஒட்டுறவு இல்லாமல் போகிறது, இரண்டின் விளைவையும் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறது. பந்தயம் ஏற்கப்படுமா என்பதை லாபம், நட்டத்திலிருந்து கணிக்கும் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டு, நட்டத்தின் கெழுவை லாபத்தின் கெழுவால் வகுத்துக் குறியை மாற்றினால் லாம்டா, அதாவது நட்டம் லாபத்தைவிட எத்தனை மடங்கு உறைக்கிறது என்ற எண். அந்த ஆய்வில் இடைநிலை 1.93. ட்வெர்ஸ்கியும் கானமனும் 1992-இல் சொன்ன 2.25-க்கு அருகில்தான்.

லாப எல்லையை நட்டத்தைப் போல இரண்டு மடங்காக வைத்தது தற்செயல் அல்ல. லாம்டா 2-க்குப் பக்கம் என்றால் ஏறக்குறையப் பாதிப் பந்தயங்கள் ஏற்கப்படும், பாதி மறுக்கப்படும், ரிக்ரெஷனுக்கு வேண்டிய தகவல் கிடைக்கும். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஒருவரிடமிருந்து லாம்டாவை எடுக்கவே முடியாது. ஏற்பும் மறுப்பும் ஒரு கோட்டில் கச்சிதமாகப் பிரிந்துவிட்டாலும் கெழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அங்கேதான் எல்லோரையும் சேர்த்துக் கணிக்கும் படிநிலை பேஸியன் முறை தேவைப்படுகிறது, இதற்குப் பயன்படும் ஸ்டான் என்ற நிரல் மொழியைக் கற்க அது போதுமான காரணம். ஆனால் இந்த வடிவமைப்புக்கு ஒரு விலை உண்டு. வாலசெக், ஸ்டூவர்ட் இருவரும் 2015-இல் எல்லைகளை மாற்றிக் காட்டினார்கள்: லாபமும் நட்டமும் ஒரே எல்லையில் இருந்தால் லாஸ் அவெர்ஷன், அதாவது நட்டம் கூடுதலாக உறைப்பது, மறைகிறது, நட்ட எல்லை பெரிதென்றால் திசையே மாறுகிறது. லாம்டாவை மனிதரின் குணமாக எடுத்துக்கொள்வதா, சோதனையின் நிழலாகப் பார்ப்பதா என்பது பள்ளியில் கட்டாயம் எழும் கேள்வி. என் பார்வையில், எல்லையைக் குறிப்பிடாமல் லாம்டாவைச் சொல்வது அலகு இல்லாமல் எடையைச் சொல்வது போன்றது.

பணம் கொடுக்கும் முறையில் பொருளாதாரக்காரர்களுக்கும் உளவியல்காரர்களுக்கும் முதல் வாரமே உரசல் வரும். உங்கள் பயிற்சி அங்கே உதவும். முடிவு உண்மையான பணத்தைத் தொட வேண்டும், ஏமாற்றக் கூடாது. வழக்கம், கடைசியில் ஏதோ ஒரு சுற்றைக் குலுக்கி எடுத்து அதற்கு மட்டும் பணம் தருவது. எல்லாச் சுற்றுக்கும் கூட்டிக் கொடுத்தால் பங்கேற்பாளர் மனதில் கணக்கு ஓடும், பத்தாவது பந்தயம் ஒன்பதாவதன் முடிவைச் சார்ந்துவிடும். பொருளுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்க, 1964-இல் வந்த பெக்கர்–டிகுரூட்–மார்ஷாக் ஏலம்: ஒரு விலையைக் குலுக்கி எடுப்பார்கள், நீங்கள் சொன்னது அதைவிடக் குறையாவிட்டால் குலுக்கிய விலைக்கே பொருள் உங்களுக்கு. இதன் விதியைப் பங்கேற்பாளர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேரம் பேசுவதாக நினைத்துக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் பயிற்சிச் சுற்றுகளும் சில புரிதல் கேள்விகளும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

ஸ்கேனர் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தத் துறையின் வழக்கமான ஸ்கேனான எஃப்எம்ஆர்ஐ நியூரானை அளப்பதில்லை, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை அளக்கிறது. தூண்டலுக்குப் பிறகு 5–6 நொடி கழித்துத்தான் உச்சம் வரும். தேர்வும் அதன் பலனும் எப்போதும் இரண்டு நொடி இடைவெளியில் வந்தால் இரண்டின் சிக்னலும் கலந்துவிடும், இடைவெளியைக் கூட்டிக் குறைத்து வைக்க வேண்டும். மதிப்பு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படும், கண்களுக்கு மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதி காற்று நிறைந்த சைனஸுக்கு மேலே இருப்பதால் அங்கே சிக்னல் கரைந்துபோகும். படத்தளத்தைச் சுமார் 30 டிகிரி சாய்த்து எடுப்பது இதற்காகத்தான். அங்கே எதுவும் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் சிக்னல் இருந்ததா என்று கேளுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. கணிப்புப் பிழை என்பது கிடைத்தது கழித்தல் எதிர்பார்த்தது. இதை ஒரே எண்ணாக ரிக்ரெஷனில் போட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் பிழையைக் குறிக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். பிழையும் கிடைத்த பணமும் இயல்பாகவே ஒட்டி நகர்பவை. பணம் வந்ததற்கு மட்டும் துடிக்கும் இடமும் இந்தச் சோதனையில் தேறிவிடும். கிடைத்ததையும் எதிர்பார்த்ததையும் தனித்தனியாகப் போட்டு, முதலாவது நேர்க்குறியும் இரண்டாவது எதிர்க்குறியும் பெற்றால்தான் அது பிழை. ரட்லெட்ஜ், டீன், கேப்ளின், கிளிம்சர் 2010-இல் இதையே அடிக்கோள்களாக (ஆக்சியம்) எழுதிச் சோதித்தார்கள். நுகர்வுக் கோட்பாட்டில் வெளிப்பட்ட விருப்பம், அதாவது ஒருவர் தேர்வதை வைத்தே அவர் விருப்பத்தை அறியும் முறை, படித்தவருக்கு அந்தக் கட்டுரை சொந்த வீடு.

மென்பொருளிலும் ஒரு பொறி உண்டு. மூளைப் படங்களைப் பகுக்கும் எஸ்பிஎம் மென்பொருளில் ஒரே நிகழ்வுக்கு இரண்டு எண்களை அடுத்தடுத்து இணைத்தால், தானாகவே இரண்டாவதிலிருந்து முதலாவதின் பங்கைக் கழித்துவிடும். லாபத்தை முன்னே வைத்தால் ஒரு படம், நட்டத்தை முன்னே வைத்தால் வேறு படம். அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான எஃப்எஸ்எல் நீங்கள் கேட்காமல் அப்படிச் செய்யாது. இத்தகைய சின்ன முடிவுகள் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு 2020-இல் நேச்சரில் வந்த நார்ப்ஸ் ஆய்வைப் பாருங்கள். 108 பேரின் பந்தய டேட்டாவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, பல கருதுகோள்களில் பதில்களும் ஒத்துப்போகவில்லை. அருகருகே ஒளிரும் புள்ளிகளைக் கொத்தாக எடுத்துச் சோதிக்கும்போது, ஒரு புள்ளியைக் கொத்தில் சேர்க்கும் தொடக்க p-மதிப்பு வரம்பு 0.01 போதாது, 0.001 வையுங்கள். இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும் பிழைவீதங்களை எக்லுண்ட் குழு 2016-இல் காட்டிய பிறகு அதற்கு மேல் தளர்த்த நியாயம் இல்லை.

“இன்சுலா ஒளிர்ந்தது, ஆகவே அருவருப்பு” என்ற வகை வாதத்தை எழுதாதீர்கள். மூளையின் உள்மடிப்பில் உள்ள இன்சுலா என்ற பகுதி வலிக்கும் ஒளிரும், சுவைக்கும் ஒளிரும், கடினமான எந்த வேலைக்கும் ஒளிரும். ஒருவர் பணத்தைப் பங்கிட, மற்றவர் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் பங்கீட்டு விளையாட்டில் குறைத்துத் தந்த பங்குக்கு இன்சுலா எழுவதை சான்ஃபி குழு 2003-இல் காட்டியது நல்ல ஆய்வு. ஆனால் காரணகாரியம் கேட்டால் 2006-இல் நோக் குழு செய்ததைப் பாருங்கள்: வலது முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியைக் காந்தத் துடிப்பால் தற்காலிகமாக மந்தப்படுத்தினார்கள். அநியாயமான பங்கு என்று சொல்லிக்கொண்டே அதை ஏற்பவர்கள் கூடினார்கள்.

கிளம்புமுன் லேப்டாப்பில் ஆர் அல்லது பைத்தான், ஸ்டான் எல்லாம் ஓடுகிறதா என்று சரிபாருங்கள். விண்டோஸில் ஸ்டானுக்கு சி++ கம்பைலர் தனியாக வேண்டும், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். டேட்டாவை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், முப்பது பேர் ஒரே வைஃபையில் இறக்கினால் முதல் நாள் போய்விடும். ஸ்கேன் படங்களைப் பகுப்பாய்வுக்குத் தயாராக்கும் எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்பொருளை அங்கே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஓர் ஆளுக்கே பல மணி நேரம் ஆகும்.

கடைசி நாட்களில் குழுத் திட்டம் இருக்கும். மூளைப் படம் வேண்டும் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். நான்கு நாளில் புது ஸ்கேன் ஆய்வு முடியாது. ஏற்கெனவே உள்ள நடத்தை டேட்டாவில் இரண்டு மாடல்களை எதிரெதிரே நிறுத்துங்கள். முதல் நாள் மாலைக்குள் எந்த இரண்டு மாடல் என்று எழுதி முடியுங்கள், இரண்டாம் நாள் செயற்கை டேட்டாவில் இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேள்வியை மாற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கும்.