நடவு வயலும் வங்கிக் கவுண்டரும்

அன்புள்ள ஐயா,

மொழித் திணிப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இப்போது நம் டெல்டாவில் நடவு நடுவதே வடக்கிலிருந்து வருகிறவர்கள்தான். இந்தி ஒன்றே தேசிய மொழி என்று ஆகிவிட்டால், அவர்களோடு பேசவாவது உதவுமே?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நீடாமங்கலம் பக்கத்தில்தான் எங்கள் வயல். போன தாளடிக்கு, அதாவது இரண்டாம் போக நெல்லுக்கு, நடவுக்கு வந்தவர்கள் மேற்கு வங்கத்துக்காரர்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டது வங்காளம். அவர்களின் மேஸ்திரிப் பையன் இரண்டே நாளில் வரப்பில் நின்று "முடி கொண்டா, முடி கொண்டா" என்று கத்த ஆரம்பித்துவிட்டான். முடி என்றால் நாற்றுக்கட்டு. நாற்றை அவர்கள் 'சாரா' என்பார்கள். என் சித்தி இப்போது "சாரா பத்தலடா தம்பி" என்கிறார். ஒரு மா நிலத்துக்கு என்ன கூலி என்பதை விரல்விட்டே பேசி முடித்தார்கள்.

என் பெரியப்பா நகைக்கடனைத் திருப்ப வங்கிக்குப் போனார். கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. வட்டி எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இந்தியில் பதில். வாட்ச்மேன் வந்து எடுத்துச் சொல்லும்வரை, 76 வயதில், ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. தமிழ் தெரியாமலே அந்த நாற்காலிக்கு வரலாம் என்ற ஏற்பாட்டின் மேல்தான் கோபம். வயலில் இரண்டு பேருக்கும் காரியம் ஆகவேண்டும், அதனால் இரண்டு பேரும் கற்றுக்கொள்கிறார்கள். கவுண்டரில் பெரியப்பா மட்டும்தான் தவித்தார்.

நம் அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. 343-வது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்கிறது, அவ்வளவுதான். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. ஒரே மொழி என்று சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் பார்த்தோம். 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. அதோடு தமிழ் அரசு ஊழியர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது.

இங்கேயும் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்கள். அதை எதிர்த்துச் சிறை சென்று, 1939 மார்ச்சில் உயிர்விட்ட தாளமுத்து கும்பகோணத்துக்காரர். அடுத்த ஆண்டே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இந்தி படிக்க ஆசையிருந்தால் படியுங்கள், நல்லதுதான். ஆனால் பெரியப்பா இப்போதெல்லாம் வங்கிக்குத் தனியாகப் போவதில்லை. பேத்திக்குக் கல்லூரி விடுமுறை எப்போது என்று கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்.

அன்புடன்.