சின்ன சபையின் ஞாயிறு ஆராதனைக்கு முதல்முறை போனால் என்ன நடக்கும்?

உடன் வேலை பார்க்கும் அக்கா தங்கள் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை அழைத்திருக்கிறார், நான் கிறிஸ்தவர் அல்ல, அது பெரிய தேவாலயமும் இல்லை, எப்படி நடந்துகொள்வது, காணிக்கை போட வேண்டுமா, மதம் மாறச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆவடிப் பக்கம் ஒரு சின்ன சுவிசேஷ சபையைச் சேர்ந்தவன். குழந்தைகளையும் சேர்த்தால் அறுபது பேர் வருவோம். பெரிய தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் எழுந்து வந்துவிடலாம். சின்ன சபையில் அது நடக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாலு பேர் உங்களைப் பார்த்துவிடுவார்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போகிற அன்புக்கும் வரப்போகிற சங்கடத்துக்கும் காரணம் இதுதான்.

கோபுரம், மணிக்கூண்டு, வண்ணக் கண்ணாடி ஜன்னல் எதையும் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஷீட் போட்ட கூடமாகவோ, கடைகளுக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஹாலாகவோ இருக்கும். சொரூபமோ படமோ இருக்காது. சில இடங்களில் சிலுவைகூட இருக்காது. முன்சுவரில் இந்த வருடத்து வாக்குத்தத்த வசனம், அதாவது கடவுளின் வாக்குறுதியாக எடுத்துக்கொண்ட பைபிள் வசனம், ஃபிளக்ஸில் அச்சடித்துத் தொங்கும். தரையில் பாயோ ஜமுக்காளமோ விரித்திருப்பார்கள், வயதானவர்களுக்கு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. கீழே உட்கார முடியாது என்றால் தயங்காமல் நாற்காலி கேளுங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது இன்றும் பல சபைகளில் வழக்கம். பெண்கள் முக்காடு போட்டிருப்பார்கள். விருந்தாளிக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் ஒரு துப்பட்டா கையோடு இருந்தால் நல்லது. பரிசுத்த ஆவியின் வரங்களை அழுத்திச் சொல்லும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை போடமாட்டார்கள். அதற்காக நீங்கள் தோட்டைக் கழற்ற வேண்டாம். பொட்டும் பூவும் வழக்கமாக வைப்பவர் என்றால் அப்படியே போங்கள்.

உள்ளே போனதும் ‘ஸ்தோத்திரம்’ (கடவுளுக்குத் துதி) என்றோ ‘பிரைஸ் த லார்ட்’ என்றோ கைகூப்புவார்கள். நீங்கள் வணக்கம் சொன்னால் போதும். ஆணென்றால் பிரதர், பெண்ணென்றால் சிஸ்டர். போதகரைப் பாஸ்டர் என்றோ ஐயா என்றோ கூப்பிடலாம், அவர் மனைவி பாஸ்டரம்மா.

ஆராதனை முக்கால்வாசி பாட்டில்தான் தொடங்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியில் படித்தவர் என்றால் பாமாலை என்ற பழைய ஞானப்பாட்டுகளும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் கீர்த்தனைகளும் காதில் இருக்கும். எங்களைப் போன்ற சபைகளில் அவை குறைவு, புதிய பாடல்களே அதிகம். ஒரு கீபோர்டு, ஒரு டிரம் பேடு, இரண்டு மூன்று சகோதரிகள் கையில் கஞ்சிரா போலச் சலங்கை கட்டிய டாம்பரின். வேகமான பாட்டில் ஆரம்பித்துப் போகப் போக மெதுவாகும். மெதுவாகும் இடத்தில்தான் கண்ணை மூடிக் கை உயர்த்துவார்கள், சிலர் அழுவார்கள். யாரும் இறந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். வாரம் முழுக்க அடக்கிவைத்தது அங்கே வெளியே வருகிறது. சின்ன ஹாலில் பெரிய ஸ்பீக்கர் வைப்பது பல சபைகளில் இருக்கும் குறை. சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் பின்னால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பக்கத்து வீட்டுக்காரரை நினைத்தாவது சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் எங்கள் சபையில் விடாமல் சொல்லிவருகிறேன்.

பெந்தெகொஸ்தே வழியில் வந்த சபை என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள், சிலர் அந்நிய பாஷையில், அதாவது ஆவியானவர் தருவதாக நம்பும், கேட்பவருக்குப் புரியாத மொழியில், பேசுவார்கள். முதல்முறை கேட்பவருக்குத் திகைப்பாகத்தான் இருக்கும். இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று எண்ணுபவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் (பலரிடம் ஒரே நேரத்தில் பக்தி பொங்கி எழுவது) தொடங்கியது 1906-ல். அதற்கு நாற்பத்தாறு வருடம் முன்பே, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழ் சுவிசேஷகரின் ஊழியத்தில் நடந்த எழுப்புதலில் அந்நிய பாஷையும் இருந்தது. ஆனால் உங்கள் திகைப்பும் நியாயமானது. பைபிளில், கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம் (கடிதம்) 14-ம் அதிகாரத்தில் இயேசுவின் அப்போஸ்தலரான பவுலே இதைக் கேட்கிறார்: எல்லாரும் அந்நிய பாஷையில் பேசும்போது வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்று சொல்லமாட்டாரா? உங்களைப் போன்ற ஒருவர் வாசலில் நிற்கிறார் என்பதை நினைத்து அப்போதே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருக்கலாம், கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம்.

சகோதரர் சபை (பிரதரன்) என்ற இன்னொரு வகை என்றால் இதற்கு நேர்மாறு. சம்பளத்துக்கு அமர்த்திய பாஸ்டர் இருக்கமாட்டார். அப்பம் பிட்கும் (திருவிருந்து) நேரத்தில் நீண்ட அமைதி நிலவும், நடுவில் ஒரு சகோதரர் எழுந்து ஒரு வசனம் வாசிப்பார், இன்னொருவர் பாட்டு எண்ணைச் சொல்வார். போவதற்கு முன் எந்த வகைச் சபை என்று அந்த அக்காவிடம் கேட்டுவிடுங்கள்.

பாட்டுக்குப் பிறகு சாட்சி நேரம்: கடவுள் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். வெளியாட்கள் பலருக்கு இது சலிப்பாக இருக்கலாம், எனக்கு ஆராதனையிலேயே பிடித்த பகுதி இதுதான். எங்கள் சபையில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா உண்டு. மைக்கை வாங்கியதும் முந்தானையைத் தலைக்கு மேல் சரியாக இழுத்துவிட்டுக்கொள்வார், பார்வை தரையிலேயே இருக்கும். ஒருமுறை அவர் சொன்னது இவ்வளவுதான்: “புதன்கிழமை கேஸ் தீந்துபோச்சு. கையில காசு இல்ல. ராத்திரி ஜெபம் பண்ணிட்டுப் படுத்தேன். காலையில பழைய வீட்டம்மா போன் பண்ணி, உனக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கு வந்து வாங்கிக்கோன்னாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.” மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொத்த சபையும் ஸ்தோத்திரம் சொன்னது. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது இரண்டு சகோதரிகள் அவரை நிறுத்தி, அடுத்த முறை சிலிண்டர் தீர்ந்தால் எங்களிடம் கேட்கமாட்டாயா என்று கோபித்துக்கொண்டார்கள். சின்ன சபை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது செய்தி, அதாவது பிரசங்கம். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பாஸ்டர் வசன எண்ணைச் சொன்னதும் எல்லாரும் பைபிளைப் புரட்டுவார்கள். சபைகளில் பெரும்பாலும் வாசிப்பது 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பைபிள். நடை பழையது, வடமொழிச் சொற்கள் நிறைய. பக்கத்தில் இருப்பவர் தன் பைபிளை உங்கள் பக்கம் நகர்த்திக் காட்டுவார். நல்ல பாஸ்டர் என்றால் அந்த வசனத்தை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்து விளக்குவார். வேறு மதத்துத் தெய்வங்களை இகழ்ந்து பேசுபவர்களும் இருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. அப்படிப் பேசினால் மறுபடி போகாதீர்கள், காரணத்தை அழைத்தவரிடம் சொல்லிவிடுங்கள். அது அவர்கள் காதில் விழ வேண்டும்.

காணிக்கைப் பை வரும்போது அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது, சபையார் செய்வது. வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்கக் கூடாது என்று பைபிளே சொல்கிறது. விருந்தாளியிடம் பணம் எதிர்பார்க்கும் சபை அந்த வசனத்தையே மறந்த சபை. இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் திருவிருந்து பெரும்பாலும் மாதத்தின் முதல் ஞாயிறு: சிறு துண்டு அப்பம், சின்னக் கோப்பையில் திராட்சை ரசம். ஞானஸ்நானம் (நம்பிக்கையை அறிக்கையிட்டுத் தண்ணீரில் முழுகும் சடங்கு) பெற்றவர்களுக்கு மட்டும் என்பதால் உங்களுக்குத் தரமாட்டார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஞானஸ்நானம் எடுக்கும்வரை அதைத் தொடுவதில்லை.

இனி சங்கடமான பகுதி. “இன்று புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று பெயர் சொல்லுங்கள்” என்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டுவார்கள். கூச்சமுள்ளவரை அது எவ்வளவு வதைக்கும் என்று வரவேற்பவர்களுக்குத் தெரிவதில்லை. விருப்பமில்லை என்றால் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாஸ்டர் காதில் போட்டுவிடுவார். போன் நம்பர் கேட்டால் தர மனமிருந்தால் மட்டும் தாருங்கள், தந்தால் வாரத்துக்குள் ஒரு போன் வரும். தலையில் கை வைத்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டால் ‘வேண்டாம், எனக்காக வீட்டில் ஜெபியுங்கள்’ என்று சொல்லலாம். உடம்புக்கு முடியாதவர் என்றால் இதை மட்டும் மறக்காதீர்கள்: ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கள் சபையில் ஜெபமும் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துத் துணைக்குப் போகிறவர்களும் உண்டு.

மதம் மாறச் சொல்வார்களா? நேர்மையாகச் சொல்கிறேன். நீங்கள் இயேசுவை நம்ப வேண்டும் என்ற ஆசை அங்கே இருக்கும் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் உண்டு. எங்களுக்கு உயிரான ஒன்றை உங்களுக்கும் சொல்லாமல் இருக்க எங்களால் முடியாது. செய்தியின் முடிவில் ‘இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கை உயர்த்துங்கள்’ என்று கேட்கலாம். உயர்த்தாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஞானஸ்நானம் அன்றே நடக்கிற காரியமல்ல. ஒழுங்கான சபையில் பல வாரம் போதித்து, சுயவிருப்பம்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே தண்ணீரில் முழுக்குவார்கள். பணமோ வேலையோ காட்டி அழைத்தால், ‘வராவிட்டால் சாபம்’ என்று பயமுறுத்தினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் பாஸ்டர் கை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வார். அதோடு எழுந்து ஓடிவிடாதீர்கள். டீயும் பிஸ்கட்டும் வரும், சில ஞாயிறுகளில் சாப்பாடும் இருக்கும். சபையை நிஜமாகப் பார்ப்பது அந்த அரை மணி நேரத்தில்தான். பாஸ்டர் பாத்திரம் தூக்குகிறாரா, வயதானவர்களுக்கு யார் முதலில் தட்டு கொடுக்கிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்களுக்குப் புரியாததை நேராகக் கேளுங்கள், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத பாஸ்டர்கள் நிறைய இருக்கிறார்கள்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து மணி என்றால் பன்னிரண்டரை ஆகிவிடும், முதல் ஞாயிறு என்றால் இன்னும் தாமதமாகும். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வேறு வேலை இருந்தால் நடுவில் எழுந்து வருவதில் தவறில்லை, வாசல் பக்கமாக உட்கார்ந்துகொண்டால் போதும்.