பிரெஞ்சில் ஆப்பிரிக்கக் கவிதை படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன். மகள் பி.ஏ. பிரெஞ்சு கடைசி வருடம், மதிப்பெண் நன்றாக இருக்கிறது, பட்டம் கையில் வந்ததும் பிரெஞ்சு தெரிந்தவர்களை எடுக்கும் கம்பெனி ஏதாவதில் சேர்ந்துவிடுவாள் என்று நீங்கள் நினைத்திருக்க, அவளோ எம்.ஏ. போய், அப்புறம் நெக்ரிட்யூட் இயக்கத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். "ஆப்பிரிக்காக்காரர்கள் பிரெஞ்சில் எழுதின கவிதையைப் படித்தவளுக்கு இங்கே யார் வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், அனுப்பலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அவளுடைய பிரெஞ்சு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் பயத்தில் பாதி அது என்னவென்று தெரியாததால் வந்ததுதான்.

1930-களில் பாரிஸில் மூன்று மாணவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். செனகலிலிருந்து லெயோபோல் செதார் செங்கோர், கரீபியன் தீவான மார்த்தினிக்கிலிருந்து எமே செசேர், பிரெஞ்சு கயானாவிலிருந்து லெயோன் தமாஸ். மூவரும் பிரெஞ்சுக் காலனிகளில் பிறந்தவர்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் என்று பாரிஸ் வரை வந்தவர்கள். உங்களுக்குப் பண்பாடு என்று ஒன்று கிடையாது, நாகரிகம் வேண்டுமென்றால் பிரெஞ்சுக்காரராக மாறுங்கள் என்பதுதான் பள்ளிக்கூடம் அவர்களுக்கு ஊட்டிய பாடம். 1935-ல் 'கறுப்பு மாணவன்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு பத்திரிகை நடத்தி, நாங்கள் கறுப்பர்கள், எங்களுக்கு ஒரு வரலாறும் அழகும் உண்டு, அதை மறைத்துக்கொண்டு வாழ மாட்டோம் என்று எழுத ஆரம்பித்தார்கள். இந்த எண்ணத்துக்கு நெக்ரிட்யூட் என்ற பெயர் செசேர் கொடுத்தது.

செசேரின் பெயரை நிலைநாட்டியது 1939-ல் வெளிவந்த ஒரு நீண்ட கவிதை, சொந்த ஊர் திரும்புவதைப் பற்றியது. அதில் வறுமைப்பட்ட ஒரு வீடு வருகிறது. பிள்ளைகளின் தீராத பசிக்காக அம்மா ராத்திரி பகல் பார்க்காமல் சிங்கர் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறார், அந்தச் சத்தத்தில் பிள்ளைக்கு நடுராத்திரியில் விழிப்பு வருகிறது. பிரெஞ்சுக் கவிதையின் உச்சங்களில் ஒன்று என்று கொண்டாடப்படும் படைப்பில் ஒரு தாயின் கால்கள் இப்படி இடம்பிடித்திருக்கின்றன. அந்தப் பகுதியை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி மகளிடம் கேளுங்கள்.

தமாஸ் எழுதியது வேறு மாதிரி. 1937-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் விக்கல் என்று தலைப்பிட்ட ஒரு கவிதை. பிள்ளையை உயர்ந்த குடும்பத்துப் பிள்ளையாக வளர்த்தே தீருவது என்று ஒரு அம்மா. கைகளை மேஜைமேல் வை, ரொட்டியைக் கத்தியால் வெட்டாதே, பிரான்ஸில் பேசுகிற மாதிரி பிரெஞ்சு பேசு, வயலின் வகுப்புக்கு ஏன் போகவில்லை? பாஞ்சோ வாசிக்கிறாயா, கிட்டாரா, அதெல்லாம் நம் வீட்டில் நடக்காது, கறுப்பர்களுக்கு விட்டுவிடு என்று முடிகிறது. சொற்களையே துண்டு துண்டாக உடைத்து, வாசிப்பவருக்கே விக்கல் எடுப்பதுபோல எழுதியிருக்கிறார். அந்த அம்மாவைக் கெட்டவளாக அவர் காட்டவில்லை என்பதுதான் என் வாசிப்பு, அவள் பிள்ளைக்காகப் பயப்படுகிறாள். அந்தப் பயத்தை அவளுக்குள் விதைத்தது காலனி ஆட்சி. 1939-ல் பிரெஞ்சு அரசு இந்தத் தொகுப்பைத் தடை செய்தது என்றால் அந்தக் கவிதைகளுக்கு எவ்வளவு வலு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் கவிதை சமாச்சாரம் இல்லை அம்மா. செங்கோர் 1960-ல் சுதந்திர செனகலின் முதல் ஜனாதிபதியானார், இருபது வருடம் ஆண்டுவிட்டுத் தானாகவே பதவியிலிருந்து இறங்கினார், 1983-ல் பிரெஞ்சு மொழியின் உச்ச அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்கரும் அவரே. செசேர் 1945 முதல் 2001 வரை மார்த்தினிக்கின் தலைநகர் ஃபோர்-தெ-ஃபிரான்ஸின் மேயர், பல பத்தாண்டுகள் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். ஹிட்லர் செய்ததைக் கண்டு ஐரோப்பா அதிர்ச்சியடைகிறது, அதே முறைகளைக் காலனி மக்கள்மேல் அது ஏற்கெனவே பழகிப்பார்த்துவிட்டது என்று 1950-ல் அவர் எழுதிய காலனியம் பற்றிய கட்டுரை இன்றைக்கும் அரசியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. அவர் ஆசிரியராக இருந்த அதே பள்ளியில் படித்த ஃபிரான்ஸ் ஃபனான் மனநல மருத்துவரானார், அல்ஜீரியாவில் வேலை பார்த்தார், நிறவெறி மனித மனத்தை என்ன செய்கிறது என்று எழுதினார். ஆக உங்கள் மகள் தொடப்போவது கவிதை, வரலாறு, அரசியல், உளவியல் நான்கும் சேர்ந்த ஒரு துறை. தேர்வுக் குழுவில் உட்காருபவர்களுக்கு இது தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளை எச்சரிக்கிறேன். இந்த வயதில் படிக்கிறவர்கள் செங்கோர் மேல் பக்தி வைத்துவிடுகிறார்கள். உணர்ச்சி கறுப்பருடையது, பகுத்தறிவு கிரேக்கருடையது என்று அவர் எழுதியதைக் கறுப்பின அறிஞர்களே கடுமையாக எதிர்த்தார்கள், வெள்ளையர் சொல்லிவந்த பிரிவினையையே அழகுபடுத்திச் சொல்வது அது என்று. புலி தன் புலித்தன்மையை அறிவித்துக்கொண்டிருக்காது, பாயும் என்று நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா சொன்னது ரொம்பப் பிரபலம். ஜனாதிபதி செங்கோர் தன் கூட்டாளியான பிரதமர் மமாது தியாவை 1962-ல் கைதுசெய்து பன்னிரண்டு வருடம் சிறையில் வைத்ததும் உண்மை. கவிஞரை நேசிக்கிற மாணவிக்கு இதையெல்லாம் எழுதும் தைரியமும் வேண்டும், ஆய்வேட்டைப் படிப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது மூன்று ஆண்களை மட்டும் சுற்றி வராமல் பொலெத் நார்தாலைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்த்தினிக்கிலிருந்து வந்து பாரிஸுக்குப் பக்கத்தில் கிளமார்ட்டில் சகோதரிகளோடு வாழ்ந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களும் ஆப்பிரிக்க, கரீபியன் மாணவர்களும் கூடிப் பேசினார்கள். 1931-ல் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் 'கறுப்பு உலகத்தின் இதழ்' என்ற பத்திரிகையைத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. வழி போட்டது பெண்கள், பெயர் வாங்கியது ஆண்கள். செசேரின் மனைவி சுசான் செசேர் 1941 முதல் போர்க் காலத் தணிக்கைக்கு நடுவே நடந்த 'த்ரோபிக்' இதழில் எழுதிய கட்டுரைகளும் இப்படித்தான் வெகுகாலம் ஒதுங்கிக் கிடந்தன. என் அபிப்பிராயத்தில் ஆய்வுக்கு இதைவிட நல்ல நிலம் இல்லை.

நம்மவர் தொடர்பு இதில் உண்டா என்று உங்கள் மகள் என்னிடம் கேட்டால் இரண்டு சொல்வேன். செசேர் பிறந்த பாஸ்-பாயின்த் ஊரில் கரும்புத் தோட்டங்கள் உண்டு, 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1853 முதல், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நிறையப் பேர் தமிழர்கள், அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அந்தப் பகுதியில் இன்றும் இருக்கிறது. செசேரின் அந்த நீண்ட கவிதையிலேயே, துன்பப்படும் மனிதர்களின் வரிசையில் கல்கத்தாவின் இந்து மனிதனும் வருகிறான். இரண்டாவது செங்கோர். 1974-ல் சென்னை வந்தபோது உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் நெக்ரிட்யூட், திராவிடப் பண்பாடு பற்றி உரையாற்றினார், தமிழறிஞர் க.ப. அறவாணன் செனகலின் டக்கார் பல்கலைக்கழகத்தில் சில வருடம் பணிபுரிந்ததும் அந்த ஆர்வத்தின் தொடர்ச்சி. ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற, அந்த ஆர்வத்துக்குப் பின்னால் இருந்த கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை, ஆனால் ஒரு செனகல் ஜனாதிபதி ஏன் இதை இவ்வளவு விரும்பினார் என்ற கேள்வி நல்ல ஆய்வுக் கேள்வி. தமிழ், பிரெஞ்சு இரண்டும் தெரிந்த மாணவியால்தான் இதை ஒழுங்காகச் செய்ய முடியும்.

சரி, இனி சாப்பாட்டுக்கு வழி.

பிரெஞ்சு அரசு தரும் மொழித்திறன் சான்றிதழான டெல்ஃப் பி2 அவளிடம் இருக்கிறதா? நான் சொன்ன நிபந்தனை அதுதான். பல்கலைக்கழக மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள், பாடத்தை மனப்பாடம் செய்து எண்பது வாங்கிய பிள்ளைகள் இந்தத் தேர்வில் ஒரு ரேடியோ பேட்டியைக் கேட்டுப் பதில் எழுத முடியாமல் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சு மொழி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் எழுதலாம், ஒருமுறை வாங்கினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பட்டம் முடிவதற்குள் பி2, எம்.ஏ. முடிவதற்குள் அதற்கு அடுத்த நிலையான டால்ஃப் சி1. இந்த வருடம் பி2 வரவில்லையென்றால் எம்.ஏ.வை ஒரு வருடம் தள்ளிப்போட்டு மொழியை மட்டும் படிக்கட்டும், நிஜமாகவே அது நஷ்டமில்லை. செசேரை மொழிபெயர்ப்பில் படித்து ஆய்வு செய்கிற நிலைமை வந்தால் எல்லாமே ஆட்டம் காணும்.

எம்.ஏ.வுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, டெல்லி ஜே.என்.யூ.வில் பிரெஞ்சு, பிரெஞ்சு மொழி நாடுகள் பற்றிய தனி மையமும் ஆப்பிரிக்க ஆய்வு மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அவளுடைய ஆசைக்கு ஜே.என்.யூ. மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன், அங்கேயும் புதுச்சேரியிலும் சேர க்யூட்-பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ. இரண்டாம் வருடத்திலேயே பிரெஞ்சில் நெட் தகுதித் தேர்வு எழுதட்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதாவது ஆராய்ச்சிக்கு நீங்கள் கைக்காசு போட வேண்டியதில்லை. பிரான்ஸில் படிக்க ஷார்பாக், எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைகள் உண்டு, விண்ணப்பத்தை அவளே நேரடியாகப் போடலாம். ஏதாவது ஏஜென்ட் பிரான்ஸில் சீட் வாங்கித் தருகிறேன் என்று தனியார் கல்லூரிப் பெயரோடு வந்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள், அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் அவற்றைவிட வெகு குறைவு.

நெட் வரவில்லை, கல்லூரி வேலை உடனே அமையவில்லை, அப்போது? கல்லூரியில் நிரந்தர இடத்துக்கு நிறையக் காத்திருக்க வேண்டிவரும், இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அதே சி1 சான்றிதழோடு பள்ளிகளில் பிரெஞ்சு ஆசிரியை ஆகலாம், கூடவே பி.எட். வைத்துக்கொள்வது பாதுகாப்பு. செனகல், ஐவரி கோஸ்ட், கேமரூன், காங்கோ என்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வியாபாரம் பிரெஞ்சில் நடக்கிறது, இங்கிருந்து மருந்தும் இருசக்கர வாகனமும் அங்கே போகின்றன, அந்த நாடுகளின் வரலாறும் மனிதர்களும் தெரிந்த பிரெஞ்சு படித்தவளுக்கு, வெறும் மொழி தெரிந்தவளைவிட மதிப்பு அதிகம். தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் இதே பொருந்தும். நீங்கள் முதலில் நினைத்திருந்த கம்பெனி வேலையும் எங்கேயும் போய்விடாது, சி1 இருந்தால் சம்பளம் பேசும்போது கை மேலோங்கும்.

அவள் ஒரு காரியம் செய்யட்டும். தமாஸின் அந்த விக்கல் கவிதையைத் தமிழில் பெயர்த்து, அம்மாவின் பேச்சு எப்படி உடைகிறது என்று இரண்டு பக்கம் பிரெஞ்சில் எழுதி அனுப்பட்டும். பி2 தேர்வுக்குப் பதிவு செய்த ரசீதையும் கூடவே. இரண்டையும் பார்த்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் விண்ணப்பம் என்று அவளோடு பேசுகிறேன், அப்போது நீங்களும் போனில் இருங்கள்.