7 வயது மகளுக்கு டேப்லெட்டிலேயே ஸ்கிராட்ச் கற்றுக்கொடுக்கலாமா, மடிக்கணினி வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு டேப்லெட் போதும். ஆனால் அதில் ஸ்கிராட்ச் வேண்டாம், அதன் எளிய வடிவமான ஸ்கிராட்ச் ஜூனியரில் தொடங்குங்கள். சிறுவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருபவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

கட்டளைத் துண்டுகளை, அதாவது பிளாக்குகளை, ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதும் மென்பொருள்தான் ஸ்கிராட்ச். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வெளியிட்ட அது, மவுஸையும் விசைப்பலகையையும் நம்பி உருவானது. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஐபேட் ஏற்காத ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டிருந்ததால் ஐபேடில் இயங்கவே இல்லை. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் டேப்லெட் பிரவுசரில் அதைத் திறக்க முடிந்தது. இதற்காக, பிளாக்குகளை உருவாக்க உதவும் கூகுளின் பிளாக்லி என்ற நிரல் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு பிளாக்குகளைப் புதிதாகச் செய்தார்கள்.

அந்த வேலை சின்னதல்ல. பிளாக் பட்டியலின் மேல் குழந்தை விரலை வைத்து இழுக்கிறது. பட்டியலை நகர்த்தப் பார்க்கிறதா, பிளாக்கை எடுக்கப் பார்க்கிறதா? மவுஸ் என்றால் உருளையைச் சுழற்றுவது வேறு, பிடித்து இழுப்பது வேறு. விரலுக்கு இரண்டும் ஒரே அசைவு. அதனால் மேலும் கீழும் இழுத்தால் பட்டியல் நகரும், பக்கவாட்டில் இழுத்தால் பிளாக் வெளியே வரும் என்று அசைவின் திசையை வைத்தே பிரித்திருக்கிறார்கள். மிகவும் நுட்பமான தீர்வு இது. ஆனாலும் சில இடைஞ்சல்கள் தீரவில்லை. அம்புக்குறி விசைகளால் ஆடும் விளையாட்டுகளை விசைப்பலகை இல்லாமல் ஆட முடியாது. பட்டியல், எழுதும் இடம், நிரல் ஓடுவதைக் காட்டும் மேடை என மூன்றும் ஒரே திரையில் நெருக்கியடிக்கும். பிளாக்கைப் பொருத்த வேண்டிய இடத்தை விரலே மறைத்துவிடும்.

ஸ்கிராட்ச் ஜூனியர் தொடுதிரைக்கென்றே 2014இல் ஐபேடில் வெளிவந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மரீனா பெர்ஸ் குழுவும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 5 முதல் 7 வயதுக் குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்தார்கள். பிளாக்குகளில் எழுத்தே இல்லை, படம்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் தடையில்லை. இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டே போகலாம். கோத்ததன் மேல் விரலால் தட்டினால் உடனே ஓடும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் கட்டங்கள்: மேடையில் கட்டங்களைக் காட்டச் செய்தால், பூனை எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று குழந்தையே எண்ணிப்பார்த்து எண்ணைப் போடும். இலவசம், இணையமும் தேவையில்லை. செல்பேசியில் முயலாதீர்கள், திரை போதாது.

ஸ்கிராட்ச் ஜூனியரில் ஸ்கோர் போன்ற மாறும் எண்ணை நினைவில் வைக்கும் மாறிகள் கிடையாது, 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்னும் நிபந்தனை பிளாக்கும் கிடையாது. "இந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எப்படி வைப்பது?" என்று உங்கள் மகள் ஒருநாள் கேட்பாள். அதற்கு ஸ்கிராட்ச் வேண்டும்; மடிக்கணினியைப் பற்றி அப்போது யோசித்தால் போதும். ஸ்கிராட்ச் 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதால் அவசரப்படத் தேவையில்லை. பழைய கணினி வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்கலாம்.