அசையாத முள்

கேள்வி: எங்கள் ஆலையில் கழிவு எரிக்கும் உலை இருக்கிறது. நீண்டகாலம் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப்படி 'கிடைப்பதில் சிறந்த நுட்பம்' வேண்டும் என்கிறார்கள். புது இயந்திரம் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: விற்பவரைக் கேட்டால் ஆமாம் என்பார். 2001-இல் ஏற்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. அதன் 5-ஆம் பிரிவின்படி, நுட்பம் என்பதில் ஆலையை வடிவமைப்பது, கட்டுவது, பராமரிப்பது, ஓட்டுவது, கடைசியில் மூடுவது வரை எல்லாம் அடக்கம். 'கிடைப்பது' என்பதில் செலவும் கணக்கில் வரும்.

உங்கள் உலையில் பயப்பட வேண்டியது டயாக்சின், கழிவு எரியும்போது உண்டாகும் கொடிய நச்சு. அதை அழிக்கத்தான் புகை 850 டிகிரியில் குறைந்தது 2 நொடி தங்க வேண்டும் என்கிறார்கள். அழிந்தது என்று உட்கார்ந்துவிட முடியாது. புகை ஆறும்போது, சுமார் 450-லிருந்து 200 டிகிரிக்குள், சாம்பலில் உள்ள கரியும் குளோரினும் செம்பும் சேர்ந்து அதை மறுபடி உண்டாக்கிவிடும். அந்த இடைவெளியைச் சட்டென்று தாண்டும்படி குளிரவைக்க வேண்டும். அப்புறம் நச்சை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் தூளைத் தூவி, புகையைத் துணிப் பைகளால் வடிகட்டும் பேக் ஃபில்டரில் பிடிக்க வேண்டும்.

நான் ஷிப்ட் பார்த்த ஓர் ஆலையில் இதெல்லாமே இருந்தது. பேக் ஃபில்டரின் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் முள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. நாங்களும் மணிக்கு ஒரு தடவை அதே எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒருநாள் மூடியைத் திறந்தால், சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில் சாம்பல் மெத்தை மாதிரி கிடக்கிறது. மூன்று பைகள் கூண்டுக் கம்பி உரசிக் கிழிந்திருந்தன. முள்ளுக்குப் போகும் மெல்லிய குழாயில் சாம்பல் அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தி ஊதியதும் முள் துள்ளி விழுந்தது. எத்தனை நாள் புகை அப்படியே போனதோ!

முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள். அப்புறம், 850-ஐத் தொடும்முன் உலையில் கழிவைப் போடாதீர்கள், பர்னரால் சூடேற்றுங்கள். கழிவையே போட்டு உலையை மூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. டயாக்சின் தாராளமாக வருவது அப்போதுதான். இதெல்லாம் செய்தும் அளவு இறங்கவில்லை என்றால், அல்லது புகையைச் சட்டென்று குளிர்விக்க வழியே இல்லாத உலை என்றால், சரி, காசை எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: பழைய நிலக்கரி பாய்லரில் வெளியேறும் பாதரசத்துக்கும் இதே விதியா? எங்களிடம் புகையைத் தண்ணீரால் கழுவும் ஈர ஸ்க்ரப்பர் இருக்கிறது.

பதில்: அதற்கு மினமாட்டா உடன்படிக்கை, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டுக்கு அது நடைமுறையான 5 ஆண்டுக்குள் புது பாய்லர்களுக்குச் சிறந்த நுட்பம் கட்டாயம். பழையவற்றுக்கு 10 ஆண்டுக்குள் ஏதாவது நடவடிக்கை. சிறந்த நுட்பம் அதில் ஒரு வழி மட்டுமே, தேர்வு நாட்டுடையது. ஸ்க்ரப்பர் இருப்பது உங்கள் நல்ல நேரம். ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசம் தண்ணீரில் கரைந்து அதில் மாட்டிக்கொள்ளும், தனிமப் பாதரசம் நழுவிவிடும். நிலக்கரியில் கொஞ்சம் புரோமைடு சேர்ப்பது தனிமப் பாதரசத்தை ஆக்சிஜனேற்றம் அடைய வைக்கத்தான். ஆனால் ஸ்க்ரப்பர் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று எழுதவில்லையே?