அடைப்புக்குறிக்குள் ஒரு தங்கச்சி

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாறுமூலை கம்பஸுக்குப் போய்வருகிறேன். வயது 22. எங்கள் பட்ச்சில் வடிவான மூன்று பேரிடம் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி "தண்ணீர்தான்" என்றாள். இன்னொருத்தி சிரித்து மழுப்பினாள். மூன்றாமவள் மட்டும் சின்ன வெள்ளை டப்பியில் ஒரு கிறீம் தந்தாள். பெயர் ஒன்றும் போட்டிருக்கவில்லை. பத்து நாளில் முகம் பளிச்சென்று வந்துவிட்டது. (வீட்டில் தங்கச்சிதான் கறுப்பு, ஒன்பது வயது. அவளுக்கும் இரவில் கொஞ்சம் பூசிவிடுகிறேன்.) மற்ற இரண்டு பேரிடமும் உண்மையை வாங்க எப்படிக் கேட்பது?

பதில்: மகள், உங்கள் கேள்வி கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த அடைப்புக்குறியைப் பற்றி முதலில் கதைப்போம்.

பெயரில்லாத டப்பியை உங்கள் முகத்தில் பூசினீர்கள், சரி, அது உங்கள் முகம். பிள்ளையின் முகத்தில் பூச யாரைக் கேட்டீர்கள்? அம்மாவுக்குத் தெரியுமா? இரவில் என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே எனக்குப் பதில் தெரிகிறது.

பத்து நாளில் வெளுக்கவைக்கும் கிறீம்களில் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் இருக்கும், இல்லையென்றால் பாதரசம். ஸ்டீரொய்ட் முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். போகப்போகத் தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் சிவந்து கடித்துப் பரு கொட்டும். பாதரசம் தோலால் உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பூசியவரோடு நிற்கவும் மாட்டாது. துவாயில், தலையணை உறையில் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் படுப்பவருக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இலேயே இணைந்துவிட்டது. பெயரில்லாத டப்பிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அதைவிட எனக்குப் பொறுக்காதது "தங்கச்சிதான் கறுப்பு" என்ற பேச்சு. ஒன்பது வயதுப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்து அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. யாரோ சொல்லிக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரவிரவாகக் கிறீம் பூசிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். தாய்வழிக் குடி பார்க்கிற ஊர் நம்முடையது. அம்மாவுக்கு அடுத்தபடி அந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான். அக்காவின் கை முகத்தில் படுவது பிள்ளைக்கு எவ்வளவு ஆசையான விசயம்! அந்தக் கையாலா இதைச் செய்தீர்கள்?

இனி உங்கள் கேள்வி. தண்ணீர்தான் என்றவள் பொய் சொல்லியிருக்கமாட்டாள். அவளுடைய அம்மாவை ஒருதரம் பார்த்தீர்களென்றால் பாதி விடை கிடைக்கும். சிரித்தவளை விடுங்கள். கேட்க வேண்டியது டப்பி தந்தவளிடம்: எத்தனை மாதமாகப் பூசுகிறாய், நிறுத்திப் பார்த்தாயா, நிறுத்தினால் முகம் என்ன செய்கிறது? அவள் பேச்சை மாற்றினால் விளங்கிக்கொள்ளுங்கள். முகத்துக்கு ஏதாவது பூசத்தான் வேண்டுமென்றால் எஸ்.பி.எஃப் 30 உள்ள சன்கிறீம் பூசுங்கள். கச்சான் காற்று வீசுகிற ஆடி வெயிலில் பஸ் யன்னலோரம் இருந்து போகிறவருக்கு அது போதும்.

தங்கச்சிக்குப் பூசுவதை இன்றிரவே நிறுத்துங்கள், நீங்களும் தொடாதீர்கள். தலையணை உறையையும் துவாயையும் மாற்றுங்கள். டப்பியை எறிந்துவிட வேண்டாம், தோல் வைத்தியர் பார்க்க வேண்டும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அன்றைக்கு லெக்சர் தவறினால் தவறட்டும்.