கறந்த பாலும் மலைக் குளிரும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே வசிக்கிறேன். இது எனக்கு ஐந்தாம் மாதம். வீட்டுப் பசுவின் பாலைக் கறந்த சூட்டோடு குடித்தால் குழந்தைக்கு நல்லது என்று மாமியார் கொடுக்கிறார். இரண்டு வாரமாகக் குடித்து வருகிறேன். ஊர் குளிர் என்பதால் இரவுக் குழம்பை வெளியிலேயே மூடி வைத்து மறுநாள் சாப்பிடுவதும் எங்கள் வழக்கம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் காலை டீயோடு போட்டுக்கொள்கிறேன். எவற்றை மாற்ற வேண்டும்?

மருத்துவர் பதில்: பாலை நிறுத்த வேண்டாம்; காய்ச்சாமல் குடிப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பசு நோயின்றிக் கொழுகொழுவென்று இருந்தாலும், மடியிலும் கறப்பவர் கையிலும் பாத்திரத்திலும் உள்ள கிருமிகள் பாலில் கலக்க முடியும். அவற்றுள் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைக் கர்ப்பிணிகள் விஷயத்தில் நாங்கள் தனியாகக் கவனிப்பதற்குக் காரணம், தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாக வந்து போய்விடும் இந்தத் தொற்று, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து கருச்சிதைவையோ குறைப்பிரசவத்தையோ ஏற்படுத்தக்கூடும் என்பதே. கால்நடைகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் புரூசெல்லா கிருமியும் காய்ச்சாத பாலில் இருக்கலாம்.

மலையில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறதே, அப்படியானால் காய்ச்சுவது போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. கோத்தகிரி உயரத்தில் ஏறக்குறைய 94 டிகிரியிலும், உதகையில் 93 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்கிறது. பாலைப் பதப்படுத்தும் நிலையங்களில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதே இந்தக் கிருமிகளை அழிக்கப் போதுமானதாக இருப்பதால், உங்கள் அடுப்பில் பொங்கி வந்த பாலைக் கிளறி மேலும் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டால் கவலைப்பட ஏதுமில்லை. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிரும் மோரும் நல்லவையே. கொதிநிலை குறைவதன் விளைவு பருப்பு, அவரைக்கொட்டை, இறைச்சி ஆகியவற்றில்தான் தெரியும். அவை திறந்த பாத்திரத்தில் வேக வெகுநேரம் பிடிக்கும் என்பதால் குக்கரில் வேகவைப்பதே நல்லது. முட்டையில் மஞ்சள் கரு இறுகும் வரை வேகட்டும்.

இரவுக் குழம்பு விஷயத்தில் குளிரை நம்பாதீர்கள். பொதுவாகக் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். மார்கழி விடியலில் வெளியே உறைபனி விழுந்தாலும், அடுப்பெரிந்த சமையலறை அந்த எல்லைக்குள்தான் இருக்கும். லிஸ்டீரியாவோ குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெதுவாக வளரக்கூடியது. ஆகவே மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்து, மறுநாளே, ஆவி பறக்கக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில் அந்தந்த வேளைக்கு அளவாகச் சமைப்பதே வழி. வெளியிலேயே இருந்த சோற்றை மீண்டும் சூடாக்குவது பயன் தராது. அதில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு, சூட்டுக்கு அழிவதில்லை.

இனி ரத்தம். 10.4 என்பது ரத்தசோகைதான். கடல் மட்டத்திலிருந்து உயரே வசிப்பவர்களின் உடல் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும் என்பதால், உங்கள் உயரத்தில் இயல்பு அளவு சமவெளியைவிட ஏறக்குறைய ஒரு கிராம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் குறைபாடு தாளில் தெரிவதைவிடச் சற்று அதிகம்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அளவு ஏறாததற்கு டீ ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால், உடலில் சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் வீணாகிப்போகலாம். தேயிலை விளையும் ஊரில் டீயே குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கு அவசியமுமில்லை. ஒரு கப்பில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், காப்பி குடிக்காத நாளில் மூன்று கப் வரை குடிக்கலாம். ஆனால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். அளவை இரட்டிப்பாக்க வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் இருந்தால், கொக்கிப்புழு ரத்தத்தைக் குறைத்திருக்கலாம். நான்காம் மாதத்துக்குப் பிறகு கொடுக்கப்படும் பூச்சி மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள்.

உணவைக் கடையில் தேட வேண்டியதில்லை. கேழ்வரகுக் களி, அவரை, கீரை, முட்டை, கொய்யா ஆகியவை உங்கள் பக்கத்தில் கிடைப்பவையே. இந்த மாதத்திலிருந்து வழக்கத்தைவிட ஒரு வேளைச் சிற்றுணவு கூடுதலாகச் சாப்பிட்டால் போதும், இருவருக்காகச் சாப்பிட வேண்டியதில்லை. கேரட்டைப் பச்சையாகத் தின்பதாக இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சந்தைக்கு வரும் கேரட் பளபளவென்று கழுவப்பட்டிருந்தாலும் கழுவிய நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது, பூனையின் கழிவிலிருந்து மண்ணில் சேரும் டாக்சோபிளாஸ்மா கிருமி ஈரமான குளிர் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவிச் சாப்பிடுங்கள். காட்டுக் காளானைத் தொடவே வேண்டாம். நன்கு கனிந்த பப்பாளி தீங்கு செய்யாது, காயைத் தவிர்க்கலாம். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது.

ஏற்கெனவே குடித்த பாலை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஆனால் லிஸ்டீரியா தொற்று வெளிப்படச் சில நாட்களிலிருந்து இரண்டு மாதத்துக்கும் மேல்கூட ஆகலாம் என்பதால், அந்தக் காலத்துக்குள் காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, காய்ச்சாத பால் குடித்ததை முதலில் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, காய்ச்சல் இல்லாவிட்டாலும், இதை உங்கள் மருத்துவரின் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.